அண்ணனுக்குக் கட்டிய இங்கிலீஷ் பட்டம்

என் அண்ணனுக்கு இங்கிலீஷில் ஒரு பட்டம் கட்டினார்கள். கட்டியவர் எங்கள் சொந்தச் சித்தப்பா. அவருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. கோயமுத்தூரில் வக்கீலைப் பிடித்து, ஃபீஸ் கொடுத்து, அந்த வார்த்தையை விலைக்கு வாங்கினார். இன்றைக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டாக அந்த வார்த்தையைச் சொல்லிச் சிரித்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. பிள்ளைகள் என்ன செய்யும்? அவர்களுக்கு அது வெறும் வசவு. எங்கள் வீட்டில் அது ஒரு மனிதனின் பூமியைப் பிடுங்க வந்த வார்த்தை.

அன்னூருக்கு வடக்கே எங்கள் ஊர். கிணற்றுப் பாசனத்தில் ஒரு தோட்டமும், மழையை நம்பிய காடும் இருந்தன. அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரியாமல் ஒன்றாகப் பண்ணையம் பார்த்தார்கள். அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பேர். அண்ணன் மூத்தவர். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காது கேட்காததால் பேச்சும் வரவில்லை. மற்றபடி ஒரு குறையும் இல்லாத ஆள். மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்கும்போது உருளை கீச்சிடுவது அவருக்குக் கேட்காது. மரத்தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். உருளை காய்ந்துவிட்டது என்று கை சொல்லிவிடும். எண்ணெய் விடுவார்.

வீட்டில் நாங்கள் அவரோடு கையால் பேசினோம். யாரும் கற்றுக்கொடுத்த பாஷை இல்லை. அவரே உண்டாக்கியது. தலையைச் சுற்றிக் கையை ஓட்டினால் அப்பா, உருமால் கட்டுபவர். மூக்கைத் தொட்டால் அம்மா. மீசையை முறுக்கினால் சித்தப்பா. நெற்றியில் விரலை வைத்தால் நான், பொட்டு வைத்தவள். எனக்குப் பதினாறு வயதில் என் புருஷன் விஷக்காய்ச்சலில் போய், நான் வெள்ளைச் சீலையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தபோது ஊரில் எல்லாரும் என்னைக் கூப்பிடும் விதமே மாறியது. அண்ணன் மட்டும் மாற்றவில்லை. நெற்றியில்தான் விரல் வைத்தார். அம்மா ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

என்னை அப்பா கோயமுத்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்து போர்டிங்கில் சேர்த்தார். ஊர் பேசாத பேச்சில்லை. சித்தப்பா, “ஏனுங்கண்ணா, முண்டச்சிக்கு இங்கிலீசு என்னத்துக்குங்க?” என்று என் முன்னாலேயே கேட்டார். அப்பா எழுந்து போய் வண்டியைப் பூட்டினார். நான் படித்து, டிரெயினிங் முடித்து, அதே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சரானேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அப்பா மாரடைத்துச் செத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அண்ணனுக்கு இருபத்தைந்து.

கருமாதி முடிந்து பந்துக்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அம்மாவிடம் வந்தார்.

“ஏனுங்க அண்ணி, நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க. பங்கு பாகமுன்னு நமக்குள்ள என்னத்துக்குங்க? அவன் வாயில்லாப் பூச்சி. என்ற ஊட்டுல அவனுக்கு ஒரு தட்டம் சோறு எப்பவும் இருக்குங்க.”

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “சோறு போட்டு வளக்கறதுக்கு அவனென்ன நாயுங்களா? அவங்கய்யன் பூமி இருக்குதுங்க. பாதியப் பிரிச்சுக் குடுத்துப்போடுங்க. அவன் பாத்துக்குவான்.”

“அதெப்படீங்க?” என்றார் சித்தப்பா. குரல் உயரவே இல்லை. பாகற்காயைச் சர்க்கரையில் போட்டு ஊட்டுகிற குரல். “சட்டமுன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?”

அந்தச் சட்டத்தைப் பற்றி நான் இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய சட்டப்படி பிறவிக் குருடு, பிறவிச் செவிடு, ஊமை இவர்கள் யாருக்கும் குடும்பச் சொத்தில் பங்கு கிடையாது. எத்தனை நூறு வருஷமாக எத்தனை பேர் வயிற்றில் அடித்தார்களோ! எங்கள் நல்ல காலம், அப்பா சாவதற்குச் சில வருஷம் முன்னால் புதுச் சட்டம் வந்து அதை மாற்றியிருந்தது. செவிடு, ஊமை என்று சொல்லி இனி யாரையும் தள்ள முடியாது. ஆனால் ஒரு பொந்தை மட்டும் அடைக்காமல் விட்டிருந்தார்கள். பிறவியிலேயே பைத்தியமாகவோ ‘இடியட்’ ஆகவோ இருப்பவனுக்குப் பங்கில்லை. அண்ணனைத் தள்ளிவிட்டால் அப்பாவின் பாகம் முழுவதும் சித்தப்பாவுக்கு. அம்மாவுக்குச் சோறும் சீலையும். எனக்கு எப்போதுமே ஒன்றும் கிடையாது, நான் பெண்.

அண்ணனும் அம்மாவும் பஸ் ஏறிக் கோயமுத்தூருக்கு வந்தார்கள். நான் லீவு போட்டுக்கொண்டு, கோர்ட்டுப் பக்கம் இருந்த ஒரு வக்கீலிடம் இருவரையும் கூட்டிப் போனேன். நல்ல மனிதர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் பிராதை எழுதிப் படித்துக் காட்டியபோது, எங்கள் பக்கத்துக் காகிதத்திலேயே அண்ணனைப் பற்றி ‘அறிவு பலவீனமானவர், ஆகையால் தாயார் மூலம் வழக்குத் தொடுக்கிறார்’ என்று இருந்தது.

“அறிவு பலவீனமுன்னு யாருங்க சொன்னது?” என்றேன்.

“அது ஒண்ணுமில்லைம்மா. பேச வராதவரு, கோர்ட்டுல யாராச்சும் அவருக்காக நிக்கணுமில்ல? வழக்கமா எழுதற வார்த்தைதான்.”

“அவுங்க சொல்லணும்கறத நம்மளே எழுதிக் குடுக்கறமுங்களே!”

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தான். வெள்ளைச் சீலை கட்டிய பெண் இங்கிலீஷ் வரியில் விரல் வைத்துச் சண்டை போடுவதை அவன் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டான். நான் விரலை எடுக்கவில்லை. கடைசியில் அந்த வரியை அடித்துவிட்டு, ‘காது கேளாதவர், பேச இயலாதவர், தன் காரியம் அறிந்தவர்’ என்று எழுதினார்கள். அண்ணன் கட்டைவிரலை மையில் தோய்த்துக் கைரேகை வைத்தார். அன்று அந்த வரி அடிபடாமல் போயிருந்தால் வழக்கு அங்கேயே செத்திருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. வழக்கமாக எழுதுகிற வார்த்தை! வழக்கமாக எத்தனை பேரை அந்த வார்த்தை தின்றிருக்கும்?

சித்தப்பாவின் பதில் இரண்டு மாதத்தில் வந்தது. வக்கீல் ஆபீசில் வாங்கிப் படித்தேன். ‘பிரதிவாதி சொல்வது என்னவென்றால், வாதி பிறவியிலேயே இடியட்.’ அண்ணன் வாசலில் என் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன கண்ணு போட்டிருக்குது?” என்றாள் அம்மா.

“அண்ணன் பொறந்ததிலிருந்து புத்தியில்லாதவருன்னு போட்டிருக்குதுங்கம்மா.”

அம்மா வாசலில் இருந்த அண்ணனைப் பார்த்தாள். “அந்தப் பாவி முந்தி ஒருக்கா கெணத்துமேட்டுல இருந்து வழுக்குனப்ப கையப் புடிச்சுத் தூக்கிக் காப்பாத்துனது இவந்தான். அத எழுதியிருக்குதா?”

“இல்லீங்கம்மா.”

“அப்புறமென்ன காயிதம் அது!” என்று எழுந்து போனாள்.

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை அம்மாளின் அறையில் ஒரு பெரிய டிக்‌ஷனரி உண்டு. தலையணை கனம். அவள் சீமையிலிருந்து வந்த வெள்ளைக்காரி. சாயங்காலம் அனுமதி கேட்டுப் போய்ப் புரட்டினேன். எந்த வார்த்தை என்று கேட்டாள், காட்டினேன். “அது மரியாதையான வார்த்தை இல்லையே, உனக்கு எதற்கு?” என்றாள். எனக்கு வேண்டியிருக்கிறது என்றேன்.

அந்தச் சொல் பிறந்த கதை அதில் இருந்தது. கிரேக்க தேசத்தில் அதற்கு முதலில் இருந்த அர்த்தம், அதிகாரம் எதுவும் இல்லாமல் தன் வேலை உண்டு தான் உண்டு என்று இருக்கிறவன். அவ்வளவுதான். பிறகு படிக்காதவன் என்று ஆயிற்று. பிறகு அறிவில்லாதவன். அதிகாரத்தில் இருந்தவர்கள்தானே அர்த்தம் எழுதினார்கள்? தன் பூமியை உழுதுகொண்டு சும்மா கிடந்தவனைப் புத்தியில்லாதவன் ஆக்கிவிட்டார்கள். எங்கள் ஜில்லாவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

ஒன்றைத் தேடப் போய் எல்லாவற்றையும் பார்த்தேன். ‘லூனடிக்’ என்றால் நிலாவால் புத்தி கெட்டவன். ‘இம்பெசைல்’ என்றால் ஊன்றுகோல் இல்லாதவன் என்று ஒரு பழைய அர்த்தம். ‘டம்ப்’ என்றால் ஊமை, அதற்கடுத்த வரியிலேயே மந்தம். வாய் பேசாததற்கும் புத்தி மந்தமானதற்கும் நடுவில் ஒரு கோடுகூட இல்லை. டாக்டர்கள் சொல்லும் ‘கிரெட்டின்’ என்ற வார்த்தை, கிறிஸ்தவன் என்பதிலிருந்து வந்ததாம். ஏதோ மலைநாட்டில் இப்படிப் பிறந்தவர்களை, இவர்களும் மனிதர்கள்தான் என்று ஞாபகப்படுத்த அப்படிச் சொன்னார்களாம். நான் அதை வாய்விட்டுப் படித்தேன். அம்மாளின் முகம் சிவந்தது.

“போதும், மூடி வை,” என்றாள்.

மூடி வைத்தேன். இரக்கத்தில் பிறந்த வார்த்தையும் கடைசியில் செருப்பாகத்தான் ஆகியிருந்தது.

எதிர்த்தரப்பில் டாக்டர் பரிசோதனை வேண்டுமென்று மனுப் போட்டார்கள். கோர்ட் ஒப்புக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் அண்ணனைக் கூட்டிப்போனேன். சீமைக்குப் போய்ப் படித்து வந்தவர் என்றார்கள். சுத்தமான கை, நல்ல சட்டை. அண்ணனை ஸ்டூலில் உட்கார வைத்து, டேப்பை எடுத்துத் தலையைச் சுற்றி அளந்தார். முன்னாலிருந்து பின்னால், காதுக்குக் காது. சந்தையில் எருமை வாங்குகிறவன்கூட அப்படிப் பார்க்க மாட்டான். அளவைக் கூப்பிட்டுச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் எழுதினார்.

பிறகு கேள்வி. “இது என்ன மாசம்?”

“அவருக்குக் காது கேக்காதுங்க,” என்றேன்.

“நீ பேசாதே அம்மா.” மறுபடி அண்ணன் முகத்துக்குக் கிட்டே குனிந்து, சத்தமாக, “இது என்ன மாசம்?” என்றார்.

அண்ணன் முகத்தில் எச்சில் தெறித்தது. துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். டாக்டர் இங்கிலீஷில் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் எழுதினார்: ‘காரணமின்றிச் சிரிக்கிறார்.’

அடுத்து முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். அண்ணனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. என் பக்கம் திரும்பி, இரண்டு விரலை வளைத்துக் கண்ணுக்கு வைத்தார். மார்பில் தட்டினார். காதில் விரல் விட்டார். கடைசியில் கன்னத்தை ஊதிப் பெரிசாக்கினார்.

‘அர்த்தமில்லாத சைகைகள் செய்கிறார்.’

எனக்குப் பொறுக்கவில்லை. “அது அர்த்தமில்லாததில்லீங்க. அது நீங்க.”

“என்ன?”

“கண்ணாடி, மாருல வெச்சுப் பாக்கற குழாய், குண்டுக் கன்னம். உங்களுக்குப் பேரு வெச்சிருக்காருங்க.”

பக்கத்தில் இருந்தவர் பேனாவை நிறுத்தினார். டாக்டர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு என் பக்கமே திரும்பவில்லை. முடிந்ததும் நான் விடாமல் கேட்டேன். என்ன எழுதியிருக்கிறீர்கள், தெரிந்துகொள்ள எனக்குப் பாத்தியம் உண்டு என்றேன். அவர் ஒரு புத்தகத்தைத் தொட்டுக்கொண்டே சொன்னார். இடியட் என்பது கடைசிப் படி, ரொம்பச் சின்னக் குழந்தையின் புத்தி. அதற்கு மேல் படி இம்பெசைல். அதற்கு மேலே ஃபீபிள்-மைண்டட், புத்தி மெலிந்தவன். எல்லாம் விஞ்ஞானப்படி பிரித்தது.

“உங்கள் அண்ணன் இடியட் இல்லை. இம்பெசைல். சந்தோஷப்படலாம்.”

சந்தோஷப்படலாமாம்!

“காது கேக்காதுன்னு எழுதுனீங்களாங்க?”

“அதுவும் இருக்கிறது,” என்றார்.

அதுவும்! அதுதான் விஷயமே. அது ஒன்றுதான் விஷயம். அண்ணன் வாசலில் தன் உருமாலை அவிழ்த்து, டேப் பட்ட இடத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு எதற்கு வந்தோம், தனக்கு என்ன வியாதி என்று கையால் கேட்டார். வியாதி இல்லை என்றேன். பிறகு எதற்கு என்றார். வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

கோர்ட்டில் அந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே ஒரு நாள் முழுக்க வாதாடினார்கள். இடியட் என்று சட்டம் சொல்வதில் இம்பெசைலும் அடங்குமா, அடங்காதா? எதிர்த்தரப்பு வக்கீல் சீமைத் தீர்ப்புகளைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார். செத்துப்போன ஏதோ வெள்ளைக்கார ஜட்ஜுகள் நூறு வருஷத்துக்கு முன்னால் சொன்னதையெல்லாம் படித்தார். இருபதுவரை எண்ணத் தெரியாதவன், தாய் தகப்பனை அடையாளம் தெரியாதவன், தன் வயது தெரியாதவன் இடியட் என்று ஒரு பழைய புத்தகம் சொல்கிறதாம். எங்கள் வக்கீல் எழுந்து, இவருக்கு எண்ணத் தெரியும், தாயாரை அடையாளம் தெரியும் என்றார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இங்கிலீஷ் புரியாமல், தன் பெயர் அடிபடுவது மட்டும் தெரிந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அண்ணன் எனக்குப் பக்கத்தில் இருந்தார். முதலில் விசிறியைப் பார்த்தார், பிறகு கோர்ட்டுச் சேவகனான டவாலியின் வெள்ளிப் பட்டையைப் பார்த்தார். ரொம்ப நேரம் ஆனதும் என் முழங்கையைத் தட்டினார். உள்ளங்கையை விரித்து, இரண்டு வக்கீல்களையும் காட்டி, புருவத்தை உயர்த்தினார். எதுக்குச் சண்டை?

எங்கள் கைப்பாஷையில் அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு ஒரு சைகைதான் இருந்தது. நெற்றிப்பொட்டில் விரலை வைத்துத் திருகுவது. ஊரில் பொடிசுகள் அவரைப் பார்த்துச் செய்வது. அதை அவருக்கு நான் எப்படிச் செய்வேன்? பார்க்காத மாதிரி இருந்தேன். மறுபடியும் தட்டினார். அவருடைய வாழ்க்கையைப் பற்றி ஒரு கூடம் நிறைய மனிதர்கள் பேசுகிறார்கள், அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாது. அதைவிட அந்தச் சைகை மோசமில்லை என்று பட்டது. மீசையை முறுக்கினேன். அண்ணனைக் காட்டினேன். நெற்றிப்பொட்டில் விரலைத் திருகினேன்.

அவர் முகம் ரத்தமில்லாமல் வெளுத்துப்போயிற்று. நான் அவரை அப்படி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எழுந்தார். நான் பிடிப்பதற்குள் பெஞ்சைத் தாண்டிச் சித்தப்பா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய்விட்டார். டவாலி ஓடி வந்தான். எதிர்த்தரப்பு வக்கீல், “பாருங்கள், யுவர் ஹானர், பாருங்கள்!” என்று கத்தினார். அண்ணன் யாரையும் தொடவில்லை. சித்தப்பாவுக்கு நேராக நின்று, தன்னைக் காட்டி, நெற்றிப்பொட்டில் விரலைத் திருகி, அவரைக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். நீங்களா சொன்னீர்கள்?

பேசிப் பழகிய கை சும்மா இருக்காது. சித்தப்பாவின் கை, அவர் வக்கீல் தடுப்பதற்குள், தானாக எழுந்து ஆடியது. தன்னைக் காட்டி, இல்லையென்று விரித்து, பக்கத்தில் இருந்த கறுப்புக் கோட்டைத் தொட்டுக் காட்டியது. பிறகு, பொறு, பொழுதோடு வீட்டில் பேசிக்கலாம் என்று ஒரு நீண்ட சைகை.

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். பேச்சில் தஞ்சாவூர்ப் பக்கம் தெரியும் அவருக்கு. “அவர் என்ன கேட்டார்?”

நான் எழுந்து, “‘நீங்களா என்னப் பைத்தியமுன்னு சொன்னீங்க?’ன்னு கேட்டாருங்க,” என்றேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். இந்தப் பெண் வாதியின் தங்கை, சொத்தில் அக்கறை உள்ளவள் என்றார். “எனக்குப் பங்கே இல்லீங்களே!” என்றேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஜட்ஜ் கையமர்த்திவிட்டுச் சித்தப்பாவையே கேட்டார்.

“நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

சித்தப்பா தரையைப் பார்த்தார். மீசையைத் தொட்டார். “சும்மா... ஒக்காருன்னு சொன்னனுங்க.”

“அது இல்லீங்க,” என்றேன். “‘நான் சொல்லல, இந்தக் கறுப்புக் கோட்டுக்காரருதான் சொல்லச் சொன்னாரு, ஊட்டுல போயிப் பேசிக்கலாம்’னு சொன்னாருங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. “இவரோட இப்படித்தான் தினம் பேசுவீங்களா?” என்று சித்தப்பாவைக் கேட்டார். சித்தப்பாவுக்கு ஆமாம் என்று சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. பண்ணையத்து விஷயமெல்லாம் இப்படித்தான் பேசிக்கொள்வீர்களா என்றார். ஆமாங்க. எரு ஓட்டுவது, தண்ணீர் மாற்றுவது எல்லாமா? ஆமாங்க. அவ்வளவும் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அப்பாவின் பாகம் அண்ணனுக்கு. அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். நான் நகலை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். ‘வாதி சட்டம் சொல்லும் அர்த்தத்தில் இடியட் அல்ல’ என்று இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வரியில், ‘எனினும் ஃபீபிள்-மைண்டட் என்பதில் ஐயமில்லை’ என்றும், ஆகவே தாயாரின் மேற்பார்வையில்தான் சொத்து இருக்கவேண்டும் என்றும் இருந்தது. டாக்டர் இறக்கிய படியில் இருந்து ஜட்ஜ் ஒரு படி மேலே ஏற்றியிருந்தார். ஏணியிலிருந்து இறக்கிவிட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

நகலை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனேன். இந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லி அப்பீல் போடுங்கள் என்றேன்.

அவர் நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்தார். “ஜெயிச்சவங்க அப்பீல் போக முடியாதும்மா. உங்களுக்குத்தான் பூமி வந்தாச்சே!”

“இந்த வார்த்தை?”

“வார்த்தையினால என்ன நஷ்டம்?”

நஷ்டம் என்ன என்று அடுத்த தை மாதம் தெரிந்தது. வழக்கு முடியும் வரைக்கும் எங்கள் ஊரில் அந்த இங்கிலீஷ் வார்த்தை கிடையாது. ஊமையன் என்பார்கள், அதில்கூட ஒரு பழக்கம் இருந்தது. கோர்ட்டுக்கு வந்து போனவர்கள் பஸ்ஸில் புது வார்த்தையைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சித்தப்பாவின் மகன் டவுனில் படித்துக்கொண்டிருந்தான். அவன் லீவில் வந்து பொடிசுகளுக்குச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொடுத்தான். இடியட்டு வருது, இடியட்டு போகுது. காரமடைப் பக்கத்திலிருந்து அண்ணனுக்குப் பெண் கொடுக்க ஒரு குடும்பம் வந்தது. தோட்டம் பார்த்தார்கள், மாடு பார்த்தார்கள், அண்ணனைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள். சாப்பிட்டுக் கை கழுவியபின் பெண்ணின் மாமன் மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க, கேக்கறமுன்னு தப்பா நெனைக்காதீங்க. கோர்ட்டுல தம்பிக்கு என்னமோ இங்கிலீசுப் பேரு குடுத்திருக்கறாங்களாமே. அப்படீன்னா என்னங்க?”

“காது கேக்காதுன்னு அர்த்தமுங்க,” என்றேன்.

“அதுக்குத் தமிழ்லயே வார்த்தை இருக்குதுங்களே!” என்றார் அவர். மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். மறுபடி வரவில்லை. வண்டி போனதும் அண்ணன், பிடித்ததா என்று கையால் கேட்டார். இல்லை என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டை அவிழ்க்கப் போனார்.

நான் நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். பட்டப்பகல். வாசலில் பருத்தி காயப் போட்டிருந்தார்கள். சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “வாங்க அம்மணி, எப்பங்க வந்தீங்க? தண்ணி குடிக்கறீங்களா?” என்றார். வழக்காடி, தோற்று, பூமியைப் பிரித்துக் கொடுத்த பின்னும் அந்த இனிப்புக் குறையவில்லை. எங்கள் சீமையில் கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார்கள்.

“நீ மனுசனா?” என்றேன்.

சித்தி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். ஒரு பெண், அதுவும் வெள்ளைச் சீலைக்காரி, பெரியவரை நீ என்று கூப்பிட்டது ஊரில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

“பூமி வேணுமுன்னா பூமி வேணுமுன்னு கேட்டிருக்கலாம். பொய்க் கணக்கு எழுதியிருக்கலாம். வரப்ப வெட்டியிருக்கலாம். மனுசன் புத்தியவே இல்லைன்னு எழுதினியே, அவங்கூடப் பேசிப் பேசிப் பண்ணையம் பண்ணின கையி தானே இது? உனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா?”

“வக்கீலு சொன்னாருங்க, நான் என்னத்தக் கண்டேன்...” என்றார். அப்போதும் ‘ங்க’.

“அர்த்தம் தெரியாமத்தான் அவன் தலையில கட்டினியா?”

நான் காயப் போட்டிருந்த பருத்தியை மிதித்துக்கொண்டே வெளியே வந்தேன். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க என் வாயைப் பற்றித்தான் பேச்சு. அம்மாகூடத் திட்டினாள். டீச்சர் வேலை பார்த்து மரியாதை கெட்டுவிட்டது என்றாள். ஒருவராவது, அண்ணனின் மரியாதை கெட்டதே என்று சொல்லவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, சூலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அமைந்தது. தகப்பன் இல்லாத பெண், நிறையப் பேசுகிறவள். கோர்ட் விஷயத்தை அம்மா முன்னாலேயே சொல்லிவிட்டாள். “நான் ஆளப் பாத்துப்போட்டனுங்க. பேப்பர வெச்சா குடும்பம் பண்ணப் போறேன்?” என்றாளாம் அந்தப் பெண். கல்யாணத்தன்றே அண்ணன் அவளுக்கு ஒரு சைகைப் பெயர் வைத்தார். வாயை விரலால் வேகமாகத் திறந்து மூடிக் காட்டுவார். அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரித்தாள். கொஞ்ச நாளில் அவளே புதிது புதிதாகச் சைகைகள் உண்டாக்கி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

அம்மா போன பிறகு மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமென்று மறுபடி கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தது. மறுபடி அந்த வரியைக் காட்டி, அண்ணியின் தம்பியை மேற்பார்வைக்கு வைத்தார்கள். அண்ணன் தன் பூமியில் விளைந்த பருத்தியைத் தானே மண்டிக்குக் கொண்டுபோய் விலை பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கிணற்றுக்குக் கடன் வாங்குவதற்கு அண்ணியின் தம்பி கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

சித்தப்பா யுத்த காலத்தில் செத்துப்போனார். நான் போனேன், போகாமல் இருந்தால் அண்ணன் வருத்தப்படுவார் என்பதற்காக. வாசலில் கூட்டம். அண்ணன் பிணத்தின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். காது கேட்காதவர் அழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதற்கு ஏற்ற இறக்கம் இருக்காது. அடி வயிற்றிலிருந்து ஒரே குரலாக வரும். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னைக் கண்டதும் மீசையை முறுக்கிக் காட்டி, கையை விரித்தார். சித்தப்பா போய்விட்டார்.

நான் தலையாட்டினேன். எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவையும் மறந்துவிட்டு அழுகிறாரே என்று அவர் மேலும் எனக்குக் கோபமாக இருந்தது.